கிறித்தவர் கூறும் பரலோகத்தில் அடியார் செயல்: ஓர் ஆராய்ச்சி

ஒரு சமயத்தின் உண்மைப் பெற்றியை உள்ளவாறு அறிய விரும்புவார், அச்சமயம் உலகத் தோற்றத்தைப் பற்றிக் கூறுவனவற்றை மட்டும் வினாவி அமைதல் போதாது. முடிந்த முடிபாகிய பேற்றில் உயிர் எந்நிலையில் நிற்கும், ஆங்கு அது செய்வது யாது என வினாவுதல் வேண்டும். உயிரின் இயல்பு இதுவென அச்சமயம் கொண்டுள்ள கருத்தெல்லாம் அவ்வினாவின் விடையிலே வெளிப்பட்டுவிடும். உயிரை உடலெனவே கருதுவார் உண்டியும் உடையும் போகமுமாக வீட்டைப் புனைவர். உயிரை அறிவற்றதாகக் கருதுவார் கல்லைப்போற் கிடத்தலே வீடு என்பர். உயிரும் இறையும் ஒரு பொருளே என்பார், ஆங்குச் செய்வதற்கு ஒருவரும் இலர் என்பர். இம்மூன்றுமல்லாத விடை கூறுஞ் சமயங்கள் சிலவே. அவற்றுட் கிறித்தவமும் ஒன்றாதலின், அதன் விடையை நடுநிலையில் நின்று ஆராய்தல் சைவ நன்மக்களுக்குப் பயனுடையதாம்.

இவ்வாராய்ச்சி நாஞ்சில் நாட்டார்க்குச் சிறப்பாக உரியது. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் வட்டங்களைத் தன்னகத்துக்கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்தில், 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஏறத்தாழ நூற்றுக்கு 47 பேர் கிறித்தவர். ஒரு தெருவில் ஒரு வீட்டில் திருவாசகமும் அடுத்த வீட்டில் கீர்த்தனையும் கேட்கும். ஒரு குடும்பத்திற் பிறந்தோரே இரு சமயத்தினராய் வாழ்தலும் ஆங்கு அரிதன்று. இறந்தார் பொருட்டு ஒரு வீட்டில் திதியும் மற்றொரு வீட்டிற் செபமும் நடைபெறும். இந்நிலையில், மற்றவர் அடையப் போவதாக நம்பும் இடம் எத்தகையது என்பதனை அறியாது இகழ்வது அறிவுடைமையாகாது. அறியாது புகழ்வதும் அற்றே.

அந்நாட்டில் இவ்வினாவுக்கு விடையாக நிற்கும் வரலாறுகள் இரண்டு உள. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றொன்று சீர்திருத்தச் சபையாருடையது.

முன்னது தேவசகாயம் பிள்ளையின் வரலாறு. நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்து நீலகண்டன் என்னும் பெயர் தாங்கி, மார்த்தாண்டவர்மர் ஆட்சியிற் பதுமநாபபுரத்தில் அரசு ஊழியராய் இருந்தவர் அவர். 1741-ஆம் ஆண்டு குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராகிய தெலன்னாய் என்பார் வாயிலாகக் கிறித்தவ சமயச் செய்தி கேட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் தண்டிக்கப்பட்ட காரணம்பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அஃது ஈண்டு ஆராயப்படுவதன்று. 2012-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் அவர்க்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டமும், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையிற் புனிதர் என்னும் பட்டமும் வழங்கப்பட்டன என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

புனிதர் பட்டம் என்பது யாது? இன்னார் பரலோகத்தில் உள்ளார் என்று திருச்சபை உறுதியாக அறிவித்தலே அது. அவ்வாறு அறிவித்தற்கு அவர்தம் வாழ்க்கைச் சிறப்பு மட்டும் போதிய சான்றாகக் கொள்ளப்படவில்லை. அவரை நோக்கி வேண்டினோர்க்கு அவர்தம் பரிந்துரையால் ஓர் அற்புதம் நிகழ்ந்ததென ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பின்னரே அறிவித்தனர். எனவே, பரலோகம் அடைந்தவர் வாளா இரார். மண்ணுலகில் உள்ளாரை நினைந்து அவர்பொருட்டு இறைவன் திருமுன் மன்றாடுவர் என்பது கத்தோலிக்கர் துணிபு. கோட்டாற்றுக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி வேண்டி நிற்கும் எளியவர்க்கு, பரலோகத்தில் அடியார் செய்வது யாது என்னும் வினாவுக்கு விடை கூறப் புத்தகம் வேண்டுவதில்லை. தம் வேண்டுகோளைக் கேட்டு ஆண்டவனிடம் எடுத்துரைத்தலே ஆங்கு அவர் செய்யும் தொழில் என்பர்.

பின்னது மயிலாடியின் வரலாறு. 1806-ஆம் ஆண்டு இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே பாதிரியார் அவ்வூருக்கு வந்தார். 1809-இல் ஆங்கு ஒரு தேவாலயம் எழுந்தது. அவ்வழியினர்க்கு இயேசு ஒருவரே நடுவர்; இறந்த அடியாரை நோக்கி வேண்டுதல் அவர்க்கு உடன்பாடன்று. ஆகவே பரிந்துரைத்தல் என்னும் தொழிலை அவர் பரலோகத்து அடியார்க்கு ஏற்றிக் கூறார். துதித்தலும் பணிசெய்தலுமே ஏற்றிக் கூறுவர். அவ்வழியினர் பெரிதும் போற்றும் நூல், ஆங்கில நாட்டு யோவான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூல். அந்நூலை முதலாகக்கொண்டே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றி 1894-இல் வெளியிட்டார். பனியன் நூலில், விண்ணகரை அணுகும் வழிப்போக்கர் ஒளியுருவினரை நோக்கி, அத்தூய இடத்தில் தாங்கள் செய்ய வேண்டுவது யாது என்று வெளிப்படையாகவே வினாவுகின்றனர். உழைப்பின் பயனைத் துய்த்தல், முடி சூடுதல், தூயோனை இடையறாது காணல், மண்ணுலகில் உடலின் மெலிவால் முற்றச் செய்ய இயலாத பணியைத் துதியோடு இடையறாது செய்தல், முன் சென்ற நண்பரைக் கூடுதல், பின் வருவாரை மகிழ்ந்து எதிர்கொள்ளல் என்பன அவர்க்குக் கிடைத்த விடையின் சாரம்.

இவ்விரு வழியினர்க்கும் பொதுவான முதல்நூல் விவிலியம். அதன் பல இடங்களிற் சிதறிக் கிடப்பனவற்றைத் தொகுத்து நோக்கின், பரலோகத்து அடியார் செயல் ஐவகையாக அமையும். முதலாவது காணல். இப்பொழுது கண்ணாடியில் நிழல்போலத் தோன்றுவது அப்பொழுது முகமுகமாகத் தோன்றும் என்று பவுல் எழுதினார். இரண்டாவது துதித்தல். வெளிப்படுத்தின விசேஷம் என்னும் இறுதிப் புத்தகத்தில், அரியணையைச் சூழ்ந்த நான்கு உயிர்கள் இரவும் பகலும் ஓயாது தூய்மையைப் பாடுவதும், இருபத்துநான்கு மூப்பர் தம் முடிகளைக் கழற்றி அரியணையின் முன் இடுவதும், எல்லா இனத்தாரும் மொழியினருமாகிய பெருங்கூட்டம் வெள்ளாடை உடுத்துக் குருத்தோலை ஏந்தி நிற்பதும் கூறப்படுகின்றன. மூன்றாவது பணிசெய்தல். நான்காவது ஆளுதல், உண்மையுள்ள ஊழியனுக்கு நகரங்களின் அதிகாரம் அளிக்கப்படும் உவமைக் கதையும், அடியார் என்றென்றும் அரசாள்வர் என்னும் கூற்றும் இதற்குச் சான்று. ஐந்தாவது இளைப்பாறுதல், எபிரேயர்க்கு எழுதிய நிருபம் அதனை ஓய்வுநாள் இளைப்பாற்றி எனக் குறிக்கும். கத்தோலிக்கர் இவற்றோடு பரிந்துவேண்டலையும் கூட்டி அறுவகை என்பர். உண்டலும் மணத்தலும் இவற்றுள் இல்லை. விருந்து என வருவது உவமை. உயிர்த்தெழுந்தோர் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை, தேவதூதரை ஒப்பர் என்று இயேசுவே கூறியதாக மத்தேயு எழுதியுள்ளார்.

இனி, இதன்மேற் சைவர் சிலர் வழக்கமாகக் கூறும் தடைகளை ஆராய்வாம் எனப் புகுவார்க்கு இரண்டு தடைகள் முன்வந்து நிற்கும். பொன்னால் தளமிட்ட வீதியும், முத்தாலாகிய வாயிலும், பன்னிரு வகைக் கனி தரும் மரமும் உடைய நகரம் இந்திரலோகம் போன்றதொரு போக பூமியே அன்றி வீடாகாது என்பது ஒன்று. முடிவில்லாக் காலம் பாடிக்கொண்டே இருத்தல் சலிப்பன்றி இன்பமாகாது என்பது மற்றொன்று.

முதற்றடைக்குத் தமிழ்ச்சொல் வழக்கும் ஒரு காரணமாயிற்று. தமிழ்க் கிறித்தவர் அவ்விடத்தை ‘மோட்சம்’ என்றும் ‘பரலோகம்’ என்றும் வழங்கினர். மோட்சம் என்பது விடுதலை. பரலோகம் என்பது ஓர் உலகம். சைவ நூல் கற்றார் செவியில் இவ்விரண்டும் ஒருபொருட் சொற்களாக ஒலியா. உலகம் எனப்படுவன யாவும் மாயையின் காரியமாதலின், பரலோகம் என்று கேட்ட அளவிலே அதனைப் பதமுத்தித் தானங்களுள் ஒன்றாக அவர் எண்ணுதல் இயல்பே. ஆயினும் சொல்லைப்பற்றி எழுந்த அவ்வெண்ணத்தைப் பொருளை நோக்கிச் சோதித்தல் வேண்டும். அந்நகரில் ஆலயம் இல்லை, இறைவனே ஆங்கு ஆலயம் என்றும், ஞாயிறும் திங்களும் வேண்டா, அவன் ஒளியே ஒளி என்றும் அப்புத்தகமே கூறுகின்றது. பொன்னும் முத்தும் உவமை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாந் தடை வலியற்றது. சலிப்பு எங்கிருந்து பிறக்கின்றது? பாடப்படும் பொருளின் குறையினாலன்று. பாடுவோன் கருவிகளின் குறையினாலும் அவனைப் பற்றிய மலத்தினாலுமே பிறக்கின்றது. பொருள் அளவில்லாததாயின், துய்க்குந்தோறும் புதுமை தோன்றுமேயன்றிப் பழமை தோன்றாது. 4-ஆம் நூற்றாண்டிலிருந்த நீசா நகர்க் கிரகோரியார், இறைவன் எல்லையற்றவனாதலின் அவனை நோக்கிய உயிரின் வளர்ச்சிக்கும் எல்லை இல்லை என்று இதனையே கூறினார். அன்றியும், இத்தடையைச் சைவர் நிகழ்த்துவாராயின் அது திருவாலங்காட்டின்மேலும் சென்று தாக்கும். காரைக்காலம்மையார் கயிலையிற் பெருமானிடம் வேண்டிய வரம் யாது? பிறவாமையும், பிறப்புண்டாயின் மறவாமையும், அவன் ஆடும்போது அவனடிக்கீழ் மகிழ்ந்து பாடிக்கொண்டு இருத்தலுமே. அம்மையார்க்கு அது சலிப்பாயிற்றென்று எச்சைவனும் கூறான். அம்மையார்க்கு இன்பமாவது பிறர்க்குச் சலிப்பாகும் என்பது வழக்கன்று.

ஈண்டு ஒரு முறைமையை உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். புராணத்தைப் புராணத்தோடும் சாத்திரத்தைச் சாத்திரத்தோடும் ஒப்பிடுதலே நேர்மையான ஆராய்ச்சி. அவர்தம் உவமைகளைச் சைவ சாத்திரத்தோடு ஒப்பிட்டு இகழ்தலும், சைவ புராணங்களை அவர்தம் தத்துவத்தோடு ஒப்பிட்டு அவர் இகழ்தலும் ஒருதன்மையவே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர். பின்னர் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்தாரை அவர்தம் வேதத்திற் காணப்படும் கிரியைகளையே காட்டி மறுத்தார். எதிரியின் நூலை முற்றக் கற்று, ஒத்ததை ஒத்ததனோடு வைத்து நோக்கும் அவர் முறை இவ்விடத்தும் கொள்ளத்தக்கது.

அம்முறைப்படி முதற்கண் புராணத்தை நோக்குக. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சேரநாட்டுத் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானைமீது கயிலைக்கு எழுந்தருள, சேரமான் பெருமாள் குதிரைமீது உடன்சென்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அழையாது வந்தமையாற் சேரமான் வாயிலில் தடையுண்டு நின்றார். உள்ளே சென்ற சுந்தரர் தம் தோழரின் வருகையை விண்ணப்பிக்க, பெருமான் அவரை அழைப்பித்தருளினான். ஆங்கே சேரமான் திருக்கயிலாய ஞானவுலாவை எடுத்துரைத்தார். சேரமான் சிவகணங்களுக்குத் தலைவராயினார். சுந்தரர் தம் பழைய திருத்தொண்டில் நின்றார். பரவையாரும் சங்கிலியாரும் உமையம்மையார்க்குப் பணிசெய்யும் முன்னை நிலையை எய்தினர். காணல், பாடல், பணிசெய்தல், தலைமை தாங்கல், நண்பரைக் கூடல், நண்பர்பொருட்டு விண்ணப்பித்தல் என அனைத்தும் இவ்வரலாற்றில் அமைந்துள்ளன. பனியன் கூறிய விடைக்கும் சேக்கிழார் பெருமான் காட்டும் கயிலைக் காட்சிக்கும் உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது. அன்புடையார் தாம் அன்புசெய்வாரோடு இருக்கும் நிலையை எவர் புனையினும் அப்புனைவு இவ்வாறே அமையும் போலும்.

இனிச் சாத்திரத்தை நோக்குக. கிறித்தவ சாத்திரத்தின் உயர்நிலை பொன்வீதியில் இல்லை, இறைக்காட்சியில் உள்ளது. அகுஸ்தீன் என்னும் ஆசிரியர் 5-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘இறைவனின் நகரம்’ என்னும் பெருநூலின் இறுதியில், ஓய்வு, காட்சி, அன்பு, துதி என்னும் நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று விளைவனவாகக் கூறி முடித்தார். 14-ஆம் நூற்றாண்டில் இக்காட்சி எப்பொழுது வாய்க்கும் என்பதுபற்றி ஒரு பெருவழக்கு எழுந்தது. உலகமுடிவுத் தீர்ப்புக்குப் பின்னரே உயிர்கள் இறைவனை நேரே காணும் என்று 22-ஆம் யோவான் என்னும் போப்பு 1331-இல் பிரசங்கித்தார். அது கண்டிக்கப்பட, 1334-இல் இறக்குந் தறுவாயில் அதனை அவரே மறுத்தார். அவர்க்குப் பின்வந்த 12-ஆம் பெனடிக்டு 1336-ஆம் ஆண்டு, தூய்மையுற்ற உயிர்கள் உடல் எழுச்சிக்கு முன்னரே இறைவனின் உள்ளியல்பை எப்படைப்பும் இடையே நில்லாது நேரே காணும் என்று வரையறுத்து ஆணையிட்டார். பரலோகத்தை வெறும் போக பூமி என்பார் இவ்வாணையைக் கருதுதல் வேண்டும். இடைப்பொருளின்றி இறைவனைக் காண்டல் இந்திரபோகமாகாது.

சைவ சித்தாந்தத்தில் இவ்வினா புதியதன்று. உமாபதி சிவாசாரியார் 1313-ஆம் ஆண்டில் அருளிய சங்கற்ப நிராகரணம், முத்தியில் உயிரின் நிலைபற்றிப் பலர் கொண்ட கொள்கைகளை எடுத்து மறுப்பது. முத்தியில் உயிர் அறிவுஞ் செயலுமின்றிக் கல்போற் கிடக்கும் என்பான் பாடாணவாதி. உயிர் சிவத்தோடு சமமாய் நிற்கும் என்பான் சிவசமவாதி. இருபொருளும் ஒன்றேயாய்விடும் என்பான் ஐக்கியவாதி. இவர் கூற்றுக்களை விலக்கிச் சித்தாந்தம் கொள்வது யாதெனின், முத்தியில் உயிர் கெடுவதுமில்லை, சிவமாவதுமில்லை, சிவத்தின் ஐந்தொழிலைச் செய்வதுமில்லை; தன் விழைவு, அறிவு, செயல் மூன்றும் திருவருளின் வழிப்பட்டுச் சிவாநந்தத்தை இடையறாது நுகர்ந்து நிற்கும் என்பதே. மெய்கண்ட தேவரின் மாணவராகிய திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில், முத்தியில் முப்பொருள்களும் செய்வன யாவை என்னும் வினாவுக்கே நேர்விடை தந்தார். உயிர் துய்க்கும்; இறை கொடுக்கும்; மலம் தன் மறைப்பு ஒழிந்து அத்துய்ப்பு விளைதற்கு ஏதுவாய் நிற்கும் என்பது அவ்விடையின் கருத்து. திருவருட்பயனில் ‘இன்புறு நிலை’ என ஓர் அதிகாரமும் ‘அணைந்தோர் தன்மை’ என ஓர் அதிகாரமும் இதன்பொருட்டே அமைந்தன.

இவ்வளவைகொண்டு நோக்கின், கிறித்தவர் கூறும் ஐவகைச் செயலுள் எவை ஏற்கத்தக்கன, எவை ஐயத்துக்கிடமானவை என்பது விளங்கும். காணலும் துதித்தலும் பணிசெய்தலும் சித்தாந்தத்துக்கு முரணாகா. படைப்புயிர் ஒருபொழுதும் படைத்தவனாகாது என்று அவர் கூறுவதும், உயிர் சிவமாகாது என்று சித்தாந்தம் கூறுவதும் ஐக்கியவாதத்தை விலக்குவதில் ஒருநெறிப்பட்டன. இளைப்பாறுதல் என்பதனைச் செயலின்மை எனக் கொண்டால் அது பாடாணவாதத்தை அணுகும். தன்முயற்சி ஒழிதல் எனக் கொண்டால் இரண்டும் ஒன்றாம். ஆளுதல் என்பதே ஐயத்துக்குரியது. ஆளும் தொழில் இறைக்குரியது. அதனை உயிர்க்கு ஏற்றின் சிவசமவாதம் வந்துறும். மூப்பர் தம் முடிகளைக் கழற்றி அரியணைமுன் இடுகின்றனர் என்னும் காட்சியால் அவ்வையத்தை அவர்தம் நூலே ஒருவாறு நீக்குகின்றது. முடி அணிதலினும் அதனைக் கழற்றி வைத்தலே ஆங்கு அடியார் தொழில் என்று கொள்ளின் குற்றமில்லை.

ஆயினும் உடன்பாடு இவ்வளவினதே. நீங்காத வேறுபாடுகள் இரண்டு உள.

முதலாவது உடலைப் பற்றியது. இறுதியில் உடல் உயிர்த்தெழும் என்பதும், பரலோக வாழ்வு அவ்வுடலோடு கூடியது என்பதும் கிறித்தவர் அனைவர்க்கும் பொதுவான கொள்கை. உடல் எத்துணைத் தூயதாயினும் மாயையின் காரியமே. தூமாயையில் தோன்றிய உடலோடு தூவுலகங்களில் வாழ்வாரையும் சைவநூல்கள் கூறும். அவர் நிலை உயர்ந்ததாயினும் அபரமுத்தியே. பரமுத்தி அதற்கும் மேலது. இதற்குக் கிறித்தவர், இறைவனின் பேராற்றல் அவ்வுடலை அழியாது நிறுத்தும் என்பர். அற்றாயின், 1336-ஆம் ஆண்டு ஆணைப்படி உடலின்றியே நேர்க்காட்சி எய்தி நிறைவுற்ற உயிர்க்குப் பின்னர் உடல் எற்றுக்கு என்னும் வினா எழும். தோமாசு அக்குவினாசு என்னும் பேராசிரியர், பேரின்பத்தின் சாரத்துக்கு உடல் வேண்டுவதன்று, அதன் பொலிவுக்கே வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தார். சாரத்துக்கு வேண்டாததைப் பொலிவுக்கு வேண்டுதல், நிறைவைக் குறைவாக்குதல் அன்றோ எனச் சித்தாந்தி வினாவுவன். இவ்வினாவுக்கு உரிய விடை அவர் பக்கத்தினின்று வருதல் வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு இதனினும் பெரிது. ஏட்டின் அளவில் நில்லாது வீட்டினுள்ளும் புகுவது. பரலோகம் அடைந்தார் அதனை அடையாத தம்மவரைக் குறித்து யாது செய்வர்? பிறவி ஒன்றே, அதன் முடிவில் தீர்ப்பு, தீர்ப்புக்குப் பின் நரகம் முடிவற்றது என்பது அவரிற் பெரும்பாலோர் வழிவழிக் கொண்ட கொள்கை. கத்தோலிக்கர் கூறும் உத்தரிக்கிற ஸ்தலம் பரலோகத்துக்கு உரியார் சிலகாலம் தூய்மை பெறும் இடமேயன்றி நரகத்தார்க்கு மீட்சி தருவதன்று. ஆகவே, ஒரு தாய் பரலோகத்திலும் அவள் மகன் நரகத்திலும் இருப்பாராயின், அவள் பாடும் துதி எத்தகையதாகும்? கி. பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் தெர்த்துல்லியன் என்பார் நரகக் காட்சியை ஒரு களிப்பாகவே எழுதினார். அக்குவினாசு, பேறுற்றார் அத்துன்பத்தைக் காண்பர். துன்பத்தின்பொருட்டன்றி இறைவனின் நீதியின்பொருட்டே மகிழ்வர் என்று வேறுபடுத்திக் காட்டினார். எவ்வாறு வேறுபடுத்தினும் தாயின் நெஞ்சம் அமைதி கொள்ளாது. அந்நெஞ்சத்தை அவர்தம் திருச்சபையும் உணர்ந்ததெனக் கொள்ளுதற்கு இடமுண்டு. 1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிக் கிறித்துவின் செய்தியை அறியாதிருந்து, மனச்சான்றின் வழி இறைவனைத் தேடி வாழ்வாரும் மீட்படையலாம் என்று அறிவித்தது. அதனால் கதவு ஒருவாறு திறக்கப்பட்டது. ஆயினும் முடிவற்ற நரகம் என்னும் கொள்கை விடப்படவில்லை.

சைவத்திலும் முத்தர் பிறர் துயரை நோக்குவரோ, பரமுத்தியில் சிவம் ஒன்றனையே நுகர்ந்து நிற்பவர்க்குப் பிறரைப் பற்றிய நினைவேது, ஆகவே இக்குற்றம் சைவத்துக்கும் ஒக்கும் அன்றோ எனின், ஒவ்வாது. சைவங் கூறும் நரகம் வினைப்பயனைத் துய்த்துக் கழிக்கும் இடமேயாகலின் எல்லையுடையது. ஒறுத்தலும் மறக்கருணையே. மலம் பரிபாகமுறும்வரை பிறவிகள் தொடரும். திருவருள் எவ்வுயிரையும் கைவிடாது. ஆகலின் முத்தர் பிறரை நினையாதிருத்தல் அவரைக் கைவிட்டமையால் அன்று; கைவிடாதவன் ஒருவன் உளன் என்பதனால் ஆம். காலத்தாழ்வு உண்டேயன்றிக் கதவடைப்பு இல்லை. இரு சமயங்களுக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு ஒன்றே, ஏனையவற்றைவிட நெஞ்சிற் பதிக்கத்தக்கது.

இவ்வாறு சித்தாந்தத்தின் உயர்வைக் கூறிய அளவில் சைவரின் கடமை தீர்ந்ததோ? தீரவில்லை என்பதற்கு மயிலாடியே சான்று. அவ்வூரில் முதற் கிறித்தவராகிய வேதமாணிக்கத்தின் இயற்பெயர் மகாராசன். ஆலயத்துட் புகும் உரிமை மறுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர். அவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெடுந்தொலைவு நடந்து சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றவர் என்றும், ஆங்கு மனவமைதி பெறாது மீளும் வழியில் தஞ்சாவூரிற் கிறித்தவ போதனை கேட்டு ஞானஸ்நானம் பெற்றார் என்றும் மிஷன் வரலாறுகள் கூறும். அவர் அழைப்பினாலேயே ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். திருநாளைப்போவார் நின்ற தில்லை எல்லையை நோக்கிச் சென்ற ஒருவர், நாஞ்சில் நாட்டுக்கு வேறொரு பரலோகத்தைக் கொண்டு மீண்டார் என்பது சைவர் எளிதிற் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. எல்லா இனத்தாரும் அரியணைமுன் ஒருங்கு நின்று பாடுவர் என்னும் சொல், கோயிற்றெருவிலும் நடக்கவொட்டாது தடுக்கப்பட்டார் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதனைச் சிந்தித்தல் வேண்டும். சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1926-ஆம் ஆண்டிற் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பின்னரே கோயிற் கதவுகள் அனைவர்க்கும் திறந்தன. மகாராசன் சிதம்பரம் சென்று மீண்டு ஏறத்தாழ 140 ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன.

சாதி வேற்றுமை கிறித்தவ சபைகளுள்ளும் புகுந்து நின்றது என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் 2022-ஆம் ஆண்டு புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, தேவசகாயம் என்னும் பெயரின் பின்னிருந்த சாதிப்பெயர் நீக்கப்பட்டே அறிவிக்கப்பட்டது. பரலோகத்துக்கு அப்பெயர் உடன்செல்லாது என்பதனை அவர் ஒருவாறு ஒப்புக்கொண்டனர் எனக் கொள்ளலாம். சைவத்தில் இவ்வுண்மை புதிதாகக் கொள்ளவேண்டுவதன்று. திருத்தொண்டர் வரிசையில் திருநாளைப்போவாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் திருக்குறிப்புத் தொண்டரும் அந்தணரோடும் அரசரோடும் ஒருங்கு வைத்து வணங்கப்படுகின்றனர்.

சிவஞான போதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் இவ்விடத்து உணரத்தக்கது. ஞானம் பெற்றவர் மலங்கழுவி, அடியாரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுவர் என்பது அதன் பொருள். வீட்டில் அடியார் செய்வது யாது என்னும் வினாவுக்கு முற்பட்ட விடை இதுவே. இறந்தபின் எய்தும் ஓரிடத்தில் தொடங்கும் செயலாக அன்றி, இவ்வுடம்போடு நிற்கும்போதே தொடங்கும் செயலாக அதனை மெய்கண்டார் வைத்தருளினார். அடியாரோடு கூடுதல் என்புழி இன்ன அடியார் என வரையறை செய்யப்படவில்லை. ஆதலின் கிறித்தவர்தம் பரலோகத்தை ஆராயும் சைவர், அதன் குறைகளை எடுத்துக்காட்டும் உரிமையுடையரேனும், தம் திருக்கோயிலில் அடியார் கூட்டத்தைத் தாமே குறுக்கினராயின் அவ்வுரிமையை இழந்தவராவர். சித்தாந்தம் கூறும் கைவிடாக் கருணையை, அண்டை வீட்டாரும் காணத்தக்கவாறு தம் ஒழுக்கத்தில் அவர் காட்டுதல் வேண்டும். அஃதின்றிச் சாத்திரத்தால் மட்டும் நிறுவுதல் பயன் தாராது.

திருச்சிற்றம்பலம்.